லாக் எடுக்கக் காசு கொடுத்துச் செயலி வாங்க வேண்டுமா?

கேள்வி: ஏற்கெனவே ஜெயில்பிரேக் செய்யப்பட்ட (ஆப்பிள் போட்ட கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட) பழைய ஐபோன் ஒன்றை வாங்கினேன். ஐஓஎஸ் 9. ஒரு ட்வீக் (போன் இயங்கும் விதத்தை மாற்றும் சிறு நிரல்) போட்டதிலிருந்து கேமரா திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. ட்வீக் எழுதியவர் சிஸ்லாக், அதாவது போனின் சிஸ்டம் லாக், அனுப்பச் சொல்கிறார். அதை எடுத்துத் தரும் செயலி ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லாக் என்பது தனக்குள் நடப்பதைப் போன் தானாகவே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் பதிவு. அதைப் பார்ப்பதற்குக் காசு கேட்பது வியாபார சாமர்த்தியம், அவ்வளவுதான்.

முதலில் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக்ஸ் பட்டியலைப் பாருங்கள். கேமரா என்று தொடங்கி, தேதியும் நேரமும் ஒட்டிய பெயரில் ஒரு கோப்பு இருக்கும். செயலி விழுந்த கணத்தின் பதிவு அது. பல சமயம் ட்வீக் எழுதியவருக்கு அதுவே போதும்.

போதவில்லை என்றால், லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற இலவசத் தொகுப்பைக் கணினியில் நிறுவி, போனைக் கேபிளால் இணைத்து, ஐடிவைஸ்சிஸ்லாக் கட்டளையை ஓடவிடுங்கள். வரிகள் மழையாகக் கொட்டும். கேமராவைத் திறங்கள், அது மூடிய உடனே கட்டளையை நிறுத்துங்கள். கடைசிச் சில டஜன் வரிகளில்தான் விஷயம் இருக்கும். இதற்கு ஜெயில்பிரேக்கே தேவையில்லை.

கணினி பக்கத்தில் இல்லாதபோதுதான் கோளாறு வருகிறது என்றால் மட்டுமே, லாக்கைக் கோப்பில் எழுதவைக்கும் சிஸ்லாக்டி தொகுப்பைச் சிடியாவில் (ஜெயில்பிரேக் செய்த போன்களுக்கான செயலிக் கடை) தேடுங்கள். அதுவும் இலவசம்தான். நிறுவியபின் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஐஓஎஸ் 10 முதல் ஆப்பிள் லாக் முறையையே மாற்றிவிட்டதால், புதிய போன் வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்ப வேண்டாம்.

கோப்பு வளர்ந்துகொண்டே போகும். இடம் நிறைந்தால் கோப்பை அழிக்காதீர்கள், உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்குங்கள். எழுதும் நிரல் அதைத் திறந்தே வைத்திருப்பதால், அழித்தாலும் இடம் உடனே திரும்பாது. வேலை முடிந்ததும் தொகுப்பையே நீக்கிவிடுங்கள்.

லாக்கை முழுதாக யாருக்கும் அனுப்பாதீர்கள். வைஃபை பெயர், நீங்கள் வைத்திருக்கும் செயலிகள் என்று எல்லாம் அதில் கிடக்கும். தேவையான வரிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: போனில் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து போனுக்குள் நுழைய வழிவிடும் நிரல்) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போனுக்குள் இருக்கும் ரூட் (முழு அதிகாரம் கொண்டது), மொபைல் (சாதாரணமானது) என்ற இரண்டு கணக்குகளுக்கும் ஆல்பைன் என்ற ஊரறிந்த கடவுச்சொல்லே இன்னும் இருக்கலாம். லாக் எடுப்பதற்கு முன்பே இரண்டையும் மாற்றிவிடுங்கள்.