குதிரை ட்ரெய்லருக்கு ஒரு வண்டி போதுமா?

கேள்வி: அண்ணா, நான் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் குதிரைச் சவாரி நடத்துகிறேன். இரண்டு போனிகளும், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெரிய குதிரையும் இருக்கின்றன. இரண்டு குதிரை ஏற்றக்கூடிய ட்ரெய்லர் ஒன்று கண்டியில் விலைக்கு வருகிறது. வீட்டில் ஒரு சின்னக் காரும் பழைய பெற்றோல் வேனும் நிற்கின்றன. கார் மனைவிக்கு. கந்தப்பளைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார், போக வர 28 கிலோமீற்றர். இரண்டையும் விற்று, மிச்சத்துக்கு லீசிங் போட்டுப் புது டபள் கெப் ஒன்று எடுத்தால் வீட்டு வேலை, புல்லுக்கட்டு, குதிரை எல்லாம் ஒரே வண்டியில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். குதிரை ஏற்றுவது மாதத்தில் ஒன்றிரண்டு தரம்தான். எது சரி?

பதில்: தம்பி, காரை விற்காதீர்கள். வேனை விற்று, கையில் இருக்கும் காசையும் சேர்த்து, நல்ல நிலையில் உள்ள பழைய டீசல் கெப் ஒன்றை எடுங்கள். லீசிங் இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், ஒரே வண்டியை நம்பி நான் ஒரு இரவு பட்டிருக்கிறேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு கெப் மட்டும்தான். அன்றைக்கு அது பண்டாரவளையில், சொந்தக்காரர் கல்யாண வீட்டில் நின்றது. இரவு எட்டு மணிக்குக் குதிரை முன்காலால் தரையைக் கிண்ட ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. படுத்தது, எழும்பியது, மறுபடி படுத்தது. அந்தக் குளிரிலும் கழுத்து முழுக்க வியர்வை. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கினால் மேலே வர வழியில்லை. அதனால் அதன் வயிற்றுவலி காலையில் பார்த்துக்கொள்ளும் விஷயமே இல்லை. வந்த வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு, பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள் என்றார். முற்றத்தில் ட்ரெய்லர் நிற்கிறது, இழுக்க ஒன்றுமில்லை. கடைசியில் தெரிந்த ஒருவர் தன் மரக்கறி லொறியைக் கொண்டு வந்தார். தளம் முழுக்கக் கோவா இலை, எண்ணெய் பூசியதுபோல வழுக்கியது. சாக்கு விரித்து, மண் கொட்டி, குதிரையை ஏற்றி முடிக்க இரவு ஒரு மணி. குதிரை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஐந்து மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை.

உங்கள் யோசனைப்படி செய்தால் கெப் வாரத்தில் ஐந்து நாள் கந்தப்பளையில், பாடசாலை வாசலில் நிற்கும். குதிரைக்கு வருத்தம் வரும் நேரம் நாம் குறிக்கிற நேரமில்லை.

அப்புறம் அன்றாடச் செலவு. மாதத்தில் 20 பாடசாலை நாள் என்றால் 560 கிலோமீற்றர். மலை ரோட்டில் சின்னக் கார் லீற்றருக்கு 14 கொடுத்தால் 40 லீற்றர் போகும். கெப் 8 கொடுத்தால் 70 லீற்றர். பெற்றோல், டீசல் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். அதோடு டயர், பிரேக் பேட், கிளச் எல்லாம் குதிரை ஏற்றாமலே தேய்ந்துகொண்டிருக்கும். குதிரையை ஏற்றி றம்பொடை இறங்குகிற நாளுக்குப் பத்திரமாக வைத்திருக்கவேண்டிய பிரேக்கைக் கந்தப்பளை ரோட்டில் ஏன் தேய்க்கவேண்டும்?

விலையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கெப் நம்மைப் போன்ற ஆட்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஏப்ரல் சீசனில் வருகிற வருமானத்தை நம்பி மாதாமாதம் தவணை கட்டுவது கஷ்டம். மழை மாதங்களில் வாவிக்கரை எப்படி வெறிச்சோடிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, என்ன கெப் எடுப்பது? எல்லாரும் ஏற்றத்தில் இழுக்குமா என்றுதான் கேட்கிறார்கள். நான் இறக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். எழுபது சொச்சம் கிலோமீற்றரில் அவ்வளவு உயரத்தையும் இறங்கவேண்டும். அதிலும் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வரைக்கும்தான் கடுமை. நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் பேருந்து மோதி ஏழு பேர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ட்ரெய்லர் இழுப்பவர் அந்தக் குறுக்குப் பாதைப் பக்கமே போகக்கூடாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரிய குதிரை 480 கிலோ, ஒரு போனி 280 கிலோ, வெறும் ட்ரெய்லர் 900 கிலோ, தீனி, தண்ணீர், சேணம் 60 கிலோ. மொத்தம் 1,720 கிலோ. இது குத்துமதிப்புத்தான். வாங்குவதற்கு முன் ட்ரெய்லரின் எடைத் தகட்டைப் பாருங்கள், முடிந்தால் ஒரு தராசுப் பாலத்தில் ஏற்றி நிறுத்துவிடுங்கள்.

தனக்கென்று பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் பெரும்பாலான கெப்களுக்குக் கம்பனி சொல்லும் எல்லை 750 கிலோதான். ஆகவே ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு இன்றைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ், எல் 200 போன்றவற்றில் மொடலைப் பொறுத்து 2,500 முதல் 3,500 கிலோ வரை சொல்வார்கள். பழைய மொடல்களுக்கு அதைவிடக் குறைவு. புரோக்கர் சொல்வதைக் கேட்காமல் அந்த வண்டியின் கையேட்டையே திறந்து பாருங்கள். கையேட்டில் இன்னொரு எண்ணும் இருக்கும்: வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. பின் தட்டில் பத்துப் புல்லுக்கட்டும் உள்ளே ஐந்து பேரும் இருந்தால் அந்த எல்லை சீக்கிரம் தாண்டிவிடும்.

நான் மலை ரோட்டுக்கு வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு. ஏற்றி முடித்த ட்ரெய்லர், இழுக்கும் வண்டியின் சொந்த எடையில் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது. 1,950 கிலோ கெப் என்றால் 1,650 கிலோ சொச்சம். அப்படிப் பார்த்தால் உங்கள் பெரிய குதிரையும் போனியும் ஒன்றாகப் போவது கொஞ்சம் அதிகம். இரண்டு போனி என்றால் தாராளம். பெரிய குதிரையைத் தனியாக ஏற்றுங்கள்.

டீசல், டேர்போ, கை கியர். இந்த மூன்றும் இருந்தால் நல்லது. டேர்போ இல்லாத இஞ்சின் நுவரெலியா உயரத்தில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் இழந்துவிடும், காற்று அவ்வளவு மெல்லியது. இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், வேண்டுமானால் ஒன்று குறைத்து, இஞ்சினைக் கொண்டே பிடித்து இறங்கவேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை றம்பொடைக்குக் கீழே பார்த்தேன். வேறொருவர் ஓட்ட நான் பக்கத்தில் இருந்தேன். கருகிய வாடை வந்ததும் ஓரம் கட்டச் சொல்லி இறங்கினேன். முன் சக்கரத்தின் பக்கம் புறங்கையைக் கொண்டு போனேன். தொடவே தேவையில்லை, ஒரு சாண் தள்ளியே சுட்டது. உள்ளே போனி நான்கு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றது. முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். குதிரை உயிருள்ள பாரம். அதன் எடை உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் நகர்கிறது. மரக்கறி மூட்டையை ஏற்றி ஓட்டிய பழக்கம் இதற்கு உதவாது.

ட்ரெய்லரைக் கொளுவும் டோ பார், வண்டியின் செசியில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டுப் பொருத்தியதாக இருக்கவேண்டும். பம்பரில் வெல்டிங் அடித்த கொக்கியைக் கண்டால் அந்த வண்டியையே விட்டுவிடுங்கள்.

இரண்டு வண்டி வைப்பதில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. இரண்டு காப்புறுதி, இரண்டு வருமான அனுமதிப்பத்திரம். சும்மா நிற்கும் கெப்பின் பேட்டரி நம் ஊர்க் குளிரில் இறங்கிவிடும், ஈரத்தில் பிரேக் துருப் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் புல் ஏற்றவாவது அதை எடுத்து ஓட்டுங்கள். மலிவு என்று குப்பை வண்டி ஒன்றை வாங்கி மூலையில் போட்டுவைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வேண்டிய நாளில் அது ஸ்டார்ட் ஆகாது. நல்ல கெப் ஆனாலும் அதுவும் ஒரு நாள் கராஜுக்குப் போகும். ஆகவே லொறி வைத்திருக்கும் ஒருவரோடு இப்போதே கதைத்து வையுங்கள். சுத்தமான ரப்பர் விரிப்பு ஒன்றையும் வீட்டில் தயாராக வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் குதிரை ஏற்றுபவராக இருந்தாலோ, இரண்டு வண்டி நிறுத்த இடமில்லாத லயத்து வாசலாக இருந்தாலோ ஒரு கெப் எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கதை அதில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் அந்த எடை ட்ரெய்லரை இழுக்க இடம் தருகிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது விபத்து நடந்தால் பொறுப்பேற்பார்களா என்று காப்புறுதிக் கம்பனியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பாவித்த குதிரை ட்ரெய்லரில் எதைப் பார்த்து வாங்குவது? பெயின்ட் புதிதாக அடித்திருக்கிறார்கள். (வெலிமடை வாசகி ஒருவர்)

பதில்: தங்கச்சி, புதுப் பெயின்ட் என்றாலே முதலில் தளத்தைப் பாருங்கள். ரப்பர் விரிப்பை முழுதாகத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாது, ஒட்டியிருக்கிறது என்றால் அங்கேயே வியாபாரத்தை முடித்துக்கொள்ளுங்கள். மூத்திரமும் மழையும் பலகையைக் கீழிருந்து தின்றுவிடும், மேலே ஒன்றும் தெரியாது. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, முக்கியமாக மூலைகளிலும் குதிரையின் பின்கால் நிற்கும் இடத்திலும் குத்திப் பாருங்கள். நல்ல பலகை கடினமாக எதிர்க்கும். உக்கிய பலகையில் கேக்கில் இறங்குவதுபோல நுனி இறங்கும். ஓடும் ட்ரெய்லரில் தளம் உடைந்து குதிரையின் கால் ரோட்டில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை எழுதவே மனம் வரவில்லை.

பிறகு கீழே படுத்து இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே வெடிப்பு விடுகிறது. பள்ளம் நன்றாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டியதை மாற்றுங்கள். இணைப்புக் கழன்றால் தானாக பிரேக்கை இழுக்கும் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு போனிதான். பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாமா? (ஹட்டன்)

பதில்: வேண்டாம். எடையைப் பார்த்தால் ஒரு போனி அதற்குப் பெரிய பாரமில்லை. ஆனால் வண்டி ஒடுக்கம், பக்கத் தட்டு போனியின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். வளைவில் போனி சாய்ந்தால் வண்டியும் சேர்ந்து சாயும், அல்லது போனி தட்டைத் தாண்டிக் குதிக்கும். 14 அடிக்கு மேல் நீளமான தளமுள்ள லொறி ஒன்றை ஹயருக்குப் பிடியுங்கள். பக்கத்துக்குப் போனியின் முதுகு உயரம் வரை கம்பு கட்டி, தளத்தில் ரப்பரோ தடித்த சாக்கோ விரியுங்கள். மண்மேடு ஒன்றில் லொறியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி ஏற்றுங்கள். கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டு, போனிக்குப் பழக்கமான ஒருவர் தலைப்பக்கம் நிற்கட்டும்.