அண்ணே, டீ சாப்பிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமானம் அளவுக்குப் பாதுகாப்பான வாகனம் வேறில்லை என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த மறுவாரம் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி பஸ்ஸில் வந்தேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். பெரம்பலூர் தாண்டியதும், மணி இரண்டு இருக்கும், வண்டி ஓரத்து வெள்ளைக்கோட்டில் ஏறி இறங்கியது. கேபினில் இருந்த கிளீனர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, டீ சாப்பிடலாமா?" என்றான். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி மறுபடி கோட்டைத் தொட்டது. "அண்ணே, டீ?" "திருச்சியில பாத்துக்கலாம்டா." அதற்கப்புறம் பையன் பேசவில்லை. திருச்சி வரை அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். தண்ணீர் பாட்டிலை நீட்டி "குடிக்கிறீங்களா?" என்று கேட்டதோடு சரி.

விமானத்தில் இரண்டு பைலட்டுகள், இருவரும் படித்தவர்கள், கண்ணெதிரே அத்தனை கருவிகள். அங்கே இந்த டீ பிரச்சினை இருக்காது அல்லவா?

ர., நாகர்கோவில்

*

அன்புள்ள ர.,

இருந்தது. விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் இறந்தது எதுவோ, அதில் ஒருவர், வேறு வார்த்தைகளில், இரண்டு முறை டீ சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். பைலட்டுகள் உட்காரும் காக்பிட்டின் ஒலிப்பதிவில் இருக்கிறது.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் கேனரி தீவுகளில், கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனெரிஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். லாஸ் ரோடியோஸ் என்ற அந்த நிலையம் சின்னது, ஒரே ஓடுபாதை. மேட்டில் இருப்பதால் மேகம் நினைத்த நேரத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலில் கார்கள் நிற்பதுபோல விமானங்கள் நின்றதில், ஓடுபாதைக்குப் போகும் பக்கப்பாதை அடைபட்டுவிட்டது. ஆகவே கிளம்புகிற விமானம் ஓடுபாதையிலேயே மறுமுனை வரை ஊர்ந்து போய், அங்கே திரும்பி நின்று, பிறகுதான் ஓட வேண்டும்.

நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் போய்த் திரும்பி நின்றுவிட்டது. அமெரிக்காவின் பான் ஆம் (பான் அமெரிக்கன்) நிறுவனத்தின் 747 அதே பாதையில் பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நடுவே மேகம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டுமே தெரியவில்லை, தரை ராடாரும் கிடையாது.

கே.எல்.எம். கேப்டன் வான் ஸாண்டன் மற்ற பைலட்டுகளுக்கு 747 பயிற்சி கொடுப்பவர். கம்பெனி விளம்பரத்தில் இருந்ததும் அவர் படம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை பைலட்டைச் சோதித்து, 747 ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. அன்று அவருக்கு அவசரமும் இருந்தது. பணிநேர வரம்பு பற்றி நெதர்லாந்தில் கடுமையான சட்டம். நேரம் தாண்டினால் விமானத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இருநூற்றுச் சொச்சம் பயணிகளுக்கு ரூம் தேட வேண்டும்.

திரும்பி நின்றதும் எஞ்சினை முடுக்கினார். இன்னும் அனுமதி வரவில்லையே என்றார் துணை பைலட். தெரியும், கேள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் கேப்டன். கேட்டார்கள். வந்தது, பறந்தபின் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கான அனுமதி. கிளம்புவதற்கானது அல்ல. துணை பைலட் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார். இந்தத் தடவை துணை பைலட் தடுக்கவில்லை. "நாங்கள் இப்போது டேக் ஆஃபில்" என்று இரண்டுங்கெட்டானாக ஒரு வாக்கியத்தை ரேடியோவில் சொல்லிவைத்தார். கோபுரம் "ஓகே" என்றது. தொடர்ந்து, பொறுங்கள், கூப்பிடுகிறேன் என்று கோபுரமும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் ஒரே நேரத்தில் பேசியதில், கே.எல்.எம். காக்பிட்டில் விழுந்தது ஒரு கீச்சொலி.

ஆனால் அடுத்த பேச்சு தெளிவாகக் கேட்டது. ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள் என்றது கோபுரம், சொல்கிறோம் என்றது பான் ஆம். பைலட்டுகள் இருவரும் ஓட்டத்தில் மூழ்கியிருக்க, பின்சீட்டில் எஞ்சின் கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் அதைக் காதில் வாங்கினார். "அவங்க இன்னும் விலகலையா?" "என்ன சொல்றீங்க?" "அந்தப் பான் அமெரிக்கன், விலகலையா?" விலகியாச்சு என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். இன்ஜினியர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். இறந்தவர்கள் 583 பேர்.

கேப்டனைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அனுமதி வரவில்லை என்று துணை பைலட் நேராகச் சொன்னபோது அவர் நிறுத்தினாரே. நேராகச் சொன்னது வேலை செய்தது, கேள்வியாகக் கேட்டது வேலை செய்யவில்லை. இந்த வித்தை நம் வீடுகளில் பழகியதுதான். ஃபீஸ் கட்ட இன்று கடைசி நாள் என்று அப்பாவிடம் எந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது? "அப்பா, பேங்க் பக்கம் போறீங்களா?"

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இன்னொன்று. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் கேப்டன் வட்டமடித்துக்கொண்டே இருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் கவனிக்காமல் இல்லை. கேப்டனுக்கு உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. இதற்குப் பிறகுதான் 1979-ல் நாசா ஆய்வாளர்களையும் விமான நிறுவனங்களையும் உட்கார வைத்துப் பேசியது. 1981-ல், போர்ட்லாந்தில் விழுந்த விமானத்தின் நிறுவனமான யுனைடெட், காக்பிட்டில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று பயிற்சியே தொடங்கியது. மரியாதை சொல்லித்தரும் பள்ளிக்கூடமா இது என்று கேலி செய்த பைலட்டுகளும் உண்டு.

அதில் கற்றுத்தருகிற பேச்சுமுறை ஒன்று உங்கள் பையனுக்கு அப்படியே பொருந்தும். கூப்பிடு, உன் கவலையைச் சொல், நடப்பதைச் சொல், செய்ய வேண்டியதைச் சொல், ஒப்புதல் கேள். "அண்ணே, எனக்கு பயமா இருக்கு. வண்டி ரெண்டு தடவை கோட்டைத் தொட்டுடுச்சு. அடுத்த பங்க்ல ஓரம் கட்டிடுங்க. சரியாண்ணே?" அண்ணே அப்படியே இருக்கிறது பாருங்கள். மரியாதையில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

வார்த்தைகளையும் மாற்றினார்கள். டேக் ஆஃப் என்ற சொல்லை, அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர ரேடியோவில் புழங்குவதில்லை. ஓட்டாத பைலட்டுக்கு முன்பு ஓட்டாதவர் என்றே பெயர், இப்போது கண்காணிப்பவர். இறங்கும்போது 'திரும்ப ஏறு' என்று அவர் சொன்னால் ஓட்டுகிறவர் முதலில் ஏறிவிட வேண்டும், விவாதமெல்லாம் அப்புறம் என்று பல நிறுவனங்களில் விதி.

கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கிற கருவி ஒன்று காக்பிட்டில் இருக்கிறது. அது "கொஞ்சம் ஏறலாமா சார்?" என்று கேட்பதில்லை. "புல் அப்! புல் அப்!" முப்பது வருட சர்வீஸ் கேப்டனானாலும் அதே குரல்தான்.

ஆனால் பையனுக்குப் பேச்சுமுறையை மட்டும் சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அவன் மறுநாளும் அதே வண்டியில் ஏற வேண்டும். விமானத்தில் பேசக் கற்றவர்கள் துணை பைலட்டுகள் மட்டும் அல்ல. சொன்னால் கேட்க வேண்டும் என்று கேப்டன்களுக்கும் பாடம் நடத்தினார்கள், அது கம்பெனி உத்தரவாகவும் வந்தது. பஸ்ஸில் அப்படி உத்தரவு போட வேண்டியவர் டிரைவர்கூட இல்லை, முதலாளி. அந்த டிரைவர் எத்தனையாவது ராத்திரியாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியாது. சாயங்காலம் ஆபீசில் அவரும் "ரெண்டாவது டிரைவர் யாரும் வரலையாண்ணே?" என்று ஒரு டீ கேட்டுப் பார்த்திருக்கலாம்.

உங்கள் தண்ணீர் பாட்டிலை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் ஏசியைக் குறைக்கலாமா என்று கேட்டிருப்பேன். திருச்சியில் அவர் டீ குடித்தாரா என்று நீங்கள் எழுதவே இல்லையே.