பின்னால் நின்று தள்ளும் எஞ்சின்

வணக்கம் சார்,

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போனோம். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறங்கிப் படம் எடுத்தேன். செல்போனில் கட்டக் கோடுகளைப் போட்டு, முதல் பெட்டியில் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேனைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் வைத்தேன். ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது. எங்கே தவறு? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு சரிதான், பக்கம்தான் மாறிவிட்டது. அவர் வலது பக்கம் பார்க்கிறார். நீங்களும் அவரை வலது ஓரத்திலேயே வைத்துவிட்டீர்கள். மூக்கு போய் விளிம்பில் இடிக்கிறது. முதுகுக்குப் பின்னால் நீலப் பெட்டிதான் முக்கால் படத்துக்கு. அவரை இடது சந்திப்பில் வைத்திருந்தால், அவர் பார்க்கும் தண்டவாளமும் படத்துக்குள் வந்திருக்கும்.

படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்கிற இந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கை 1797-லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் எழுதிவைத்தார், நிலக்காட்சி ஓவியத்துக்காக. ஓவியர் மலையையே கொஞ்சம் தள்ளி வரைந்துகொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை, நாம்தான் நகர வேண்டும். கேத்தியில் தேயிலை பறிக்கும் ஒரு அம்மாவை நான் எடுத்த படத்தில், பின்னாலிருந்த மலைவிளிம்பு சரியாக அவர் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்திருந்தால் அவர் தலை வானத்துக்கு வந்திருக்கும்.

இன்னொன்று. ஓடும் வண்டிக்கு முன்னால் இடம் விட வேண்டும் என்பார்கள். நம் மலை ரயிலுக்கு அது மட்டும் போதாது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, நடுவிலுள்ள பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும். எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. புகையும் பின்னால்தான். முன்னால் இடம் விடுகிறேன் என்று பின்பக்கத்தை வெட்டினால், பாடுபடுகிற ஆளே படத்தில் இருக்க மாட்டார். வளைவு வரும்வரை பொறுத்திருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 208 வளைவு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று. முன்பெட்டியில், வண்டி திரும்பும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் வால் பக்கத்து எஞ்சின் தெரியும். அதை ஒரு மூலையில் வையுங்கள். பக்கத்துப் பெட்டி எதிர் மூலையில் இருக்கட்டும். நடுவில் பள்ளத்தாக்கு வெறுமனே கிடந்தால் கிடக்கட்டும்.

மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் இதையெல்லாம் மறந்துவிடலாம். பின்னணியே இல்லாத இடத்தில் ஒற்றைத் தைல மரம் நட்டநடுவில் நின்றாலும் அழகுதான்.

அப்புறம், செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். பாதையில் 16 சுரங்கம் இருக்கிறது.