பின்காற்றில் எங்கள் பந்தயப் படகு மட்டும் ஏன் பின்தங்குகிறது? பாயை எப்படிச் சரிசெய்வது?

பினாங்கின் பத்து உபான் (Batu Uban) பக்கம் 30 அடிப் படகில் பந்தயம் ஓடுவதாகவும், எதிர்காற்றில் சமாளித்தாலும் மிதவையைச் சுற்றி ஸ்பின்னாக்கர் (பின்காற்றுக்கு முன்னால் ஏற்றும் பலூன் போன்ற பாய்) ஏற்றியதும் எல்லாரும் முந்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதுப் பாய்க்குக் காசு போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சுக்கான் பிடிப்பவர் அடுத்த மிதவைக்கு நேராகவே ஓட்டுகிறாரா? பினாங்கு ஜலசந்தியின் மெல்லிய காற்றில் வேகத்தைத் தின்பது அதுதான். 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று நேர் பின்னாலிருந்து வீச, படகு 4 நாட்டில் ஓடினால், பாய்க்குக் கிடைப்பது மிச்சமுள்ள 4 நாட்தான். காற்று பாதியானால் அதன் தள்ளுவிசை கால்வாசியாகிவிடும். சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் பாயில் காற்று பிடிக்கும். 30 டிகிரி விலகினால் தூரம் ஏறக்குறைய 15 சதவீதம் கூடும். மெல்லிய காற்றில் கூடும் வேகம் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். காற்று 15 நாட்டைத் தாண்டினால் தாராளமாகக் கீழே இறங்கி, அதாவது காற்று போகும் திசைக்கு நெருக்கமாக, ஓட்டலாம்.

அடுத்து ஷீட், அதாவது ஸ்பின்னாக்கரின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. என்னைக் கேட்டால் பந்தயத்தின் பாதி இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. பிடித்திருப்பவரின் கண் பாயின் முன்விளிம்பை விட்டு அகலவே கூடாது. விளிம்பு உள்ளங்கை அகலத்துக்குச் சுருளும் வரை கயிற்றைத் தளர்த்துங்கள். சுருள் விரியும் அளவுக்கு மட்டும் இழுத்துவிட்டு, மறுபடியும் தளர்த்துங்கள். ஓட்டம் முழுக்க இதே வேலைதான். இறுக்கிக் கட்டிய பாய் ஆடாமல் அழகாக நிற்கும், ஆனால் பாயைத் தழுவி ஓட வேண்டிய காற்று தேங்கிப்போய் படகு சோர்ந்துவிடும். மலேசியாவின் ராஜா மூடா ரெகாட்டா பாய்மரப் படகுப் பந்தயத்தின் இரவு ஓட்டங்களில்கூட டார்ச் அடித்து அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

ஷீட் பிடித்திருப்பவரின் வாயும் சும்மா இருக்கக்கூடாது. “அண்ணே, இழுவை இருக்கு, இறங்குங்க”, “இழுவை போச்சு, கொஞ்சம் ஏத்துங்க” என்று சுக்கான் பிடிப்பவரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஏத்துவது என்றால் படகைக் காற்று வரும் பக்கம் திருப்புவது. காற்று குறைவது சுக்கானுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கைக்குத் தெரிந்துவிடும். மெல்லிய காற்றுக்குத் தடித்த ஷீட் வேண்டாம், அதன் எடையே பாயின் மூலையைக் கீழே இழுத்துவிடும்.

போல் (ஸ்பின்னாக்கரின் ஒரு மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கும் கழி), பாய்மர உச்சியிலுள்ள காற்றுக்காட்டிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். பாயின் கீழ் மூலைகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சுருள் மேலே முதலில் தொடங்கினால் போலை ஏற்றுங்கள், கீழே தொடங்கினால் இறக்குங்கள்.

பாய்மரத்தில் கட்டிய பெரிய பாயில் (முதன்மைப் பாய்) அதிக வேலை இல்லை. அவுட்ஹாலையும் (பாயின் அடியை இழுக்கும் கயிறு) பேக்ஸ்டேயையும் (பாய்மரத்தைப் பின்னால் இழுக்கும் கம்பி) தளர்த்திவிட்டு, மேல் பேட்டன் (பாயில் செருகிய பட்டை) பூமுக்கு (பாயின் அடிக்கழி) இணையாக இருக்கும்படி, பூமைக் கீழே இழுக்கும் வேங் (vang) கயிற்றை வையுங்கள். மெல்லிய காற்றில் ஆட்கள் முன்னே நகர்ந்து உட்காரட்டும். பின்பகுதி தண்ணீரில் அமிழ்ந்தால் அது படகைப் பிடித்து இழுக்கும்.

நம் ஜலசந்தியில் நீரோட்டத்தையும் கணக்கில் எடுங்கள். அது காற்று போகும் திசையிலேயே ஓடினால் பாய்க்குக் கிடைக்கும் காற்று இன்னும் குறையும். அந்த நேரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பக்கவாட்டில் திருப்பி ஓட்டுங்கள்.