முதுகில் நீர் எடுத்த பிறகு தலைவலி விடவில்லை, என்ன செய்வது?

உசிலம்பட்டியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குப் பரிசோதனைக்காக முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பத்து நாளாகியும் தலைவலி போகவில்லை என்கிறீர்கள். படுத்தால் குறைந்து, எழுந்து உட்கார்ந்ததும் பிடரியைப் பிடித்து இழுக்கிறதா? அப்படியென்றால் ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் இன்னும் கசியலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடைபடும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள், மலச்சிக்கலும் வரக்கூடாது. முக்கினால் வலி கூடும். காபி சிலருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் (மதுரைப் பக்கம் அதற்கா பஞ்சம்!).

ஆனாலும் பத்து நாள் என்பதால் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகலாம். பஸ்ஸில் உட்கார்ந்து போவது பாடு. காரில் பின்சீட்டில் படுக்க வையுங்கள். கையிலிருந்து சுமார் 20 மி.லி. ரத்தம் எடுத்து, முதுகில் ஊசி போட்ட இடத்தருகே செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. பலருக்கு அன்றைக்கே வலி இறங்கிவிடும். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.