வேப்பங்கட்டைப் பிடி ஏன் விலகுச்சு?

கேள்வி: எனக்கு 27 வயசு, திருமங்கலத்துல டூவீலர் மெக்கானிக். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி லீவு நாள்ல கத்தி செய்யுறது ஒரு ஹாபி. ஐப்பசி மழையில சாஞ்ச வேப்பங்கிளையை அறுத்து, ஒரே மாசத்துல ஆறு கத்திக்குப் பிடி போட்டு அஞ்சை ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்தேன். பங்குனி வந்ததும் எல்லாத்துலயும் பிடி இரும்பைவிட்டு விலகி, பித்தளை ஆணி வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. அடுத்த கத்திக்குத் தாத்தா வீட்டுச் சுவத்துல இருக்கிற மான் கொம்பைப் போடலாமா? அம்மா வேற "இந்தக் கத்தி சகவாசமே வேணாம்"னு தெனம் சண்டை.

பதில்: தம்பி, ஆறு கத்தியும் ஒரே மாதிரி விலகியிருக்குன்னா தப்பு உங்க கைவேலையில இல்ல, மரத்துல. மழையில சாஞ்ச பச்சை மரம் உள்ள முழுக்கத் தண்ணி, ஒரு மாசத்துல காயாது. நீங்க பிடி போட்டப்ப கார்த்திகை ஈரம், அதனால கச்சிதமா உக்காந்திருக்கும், பங்குனி வெயில்ல தண்ணி வத்த வத்த மரம் சுருங்கிருச்சு, ஆனா இரும்பும் பித்தளையும் சுருங்காதுல்ல, அதான் ஆணி வெளிய வந்த மாதிரி தெரியுது, ஆணி நின்ன எடத்துலயேதான் நிக்குது. நல்லா உத்துப் பாருங்க, பிடியோட நீளம் கொறைஞ்சிருக்காது, குறுக்கால மட்டும்தான் வத்தியிருக்கும், மரம் எப்பவுமே அப்படித்தான், நரம்பு ஓடுற நீளவாக்குல ரொம்பச் சுருங்காது.

மரம் காஞ்சிருச்சான்னு கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேணாம், மளிகைக் கடைல இருக்கிற மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். கட்டையை அறுத்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் மெழுகு உருக்கித் தடவுங்க, இல்லன்னா முனை மட்டும் சீக்கிரம் காஞ்சு வெடிச்சிரும். நெழல்ல காத்தோட்டமா அடுக்கி வெச்சு, வாராவாரம் எடை போட்டு பென்சில்ல கட்டை மேலயே எழுதுங்க. எடை கொறைஞ்சுக்கிட்டே வரும், நாலு வாரம் தொடர்ந்து ஒரே எடை நின்னா அந்தக் கட்டை ரெடி. அவ்வளவு நாள் பொறுமை இல்லையா, பழைய வீடு இடிக்கிற எடத்துல உடைஞ்ச நிலை, ஜன்னல் சட்டம் கெடக்கும், தேக்கோ நூக்கோ (ஈட்டி மரம்) கெடச்சா விடாதீங்க, அம்பது வருசம் வீட்டுக்குள்ள இருந்து காஞ்ச மரம்.

பசையிலயும் ஒரு விசயம். நான் ஆரம்பத்துல நூக்குல ஒரு பிடி போட்டேன், கண்ணாடி மாதிரி வழவழன்னு தேச்சு, அரால்டைட் போட்டு, கிளாம்ப்பை முடிஞ்ச மட்டும் இறுக்குனேன். ரெண்டாம் மாசம் தேங்காய் கீறுறப்ப ஒரு பக்கப் பிடி அப்படியே கழண்டு கையில வந்துச்சு. உள்ள பாத்தா பசையே இல்ல, இறுக்குன இறுக்குல எல்லாம் பிதுங்கி வெளிய போயிருந்துச்சு. அதுலருந்து ஒட்டுற பக்கத்தை 80 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, தின்னர்ல தொடைச்சு, அப்புறம் வெரல் படாம ஒட்டுறேன், கிளாம்ப் சும்மா பிடிக்கிற அளவுக்குத்தான். அஞ்சு நிமிசத்துல இறுகுற பசை வேணாம், ஒரு நாள் எடுத்துக்கிற பழைய வகைதான் நிக்கும். ஒட்டுனதுக்கு அப்புறம் கிரைண்டர் வெச்சு அழுத்தித் தேய்க்காதீங்க, இரும்பு சூடேறி உள்ள பசை இளகிரும், அரமும் உப்புத்தாளும் வெச்சுக் கையால முடிங்க.

மேல தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, அது காயவே காயாது, பிசுபிசுன்னு அழுக்குப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் காஞ்சு இறுகும். ஆனா அந்த எண்ணெய் தடவுன துணியைச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கும், ஒரு பட்டறைக்காரனா இதை மறக்கக் கூடாது, விரிச்சுக் காயப்போடுங்க.

மான் கொம்பு விசயத்துல கறாரா சொல்றேன், தொடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சர்டிஃபிகேட் இல்லாம மான் கொம்பு வெச்சிருக்கிறதே குத்தம், தாத்தா காலத்துதுன்னாலும் சரி. அதை அறுத்துப் பிடி போட்டு இன்னொருத்தர் கையில கொடுத்தா அவரும் சேர்ந்து மாட்டுவாரு. வீட்ல பேப்பர் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா நல்ல வக்கீல் ஒருத்தரைப் பாத்துட்டு வனத்துறைகிட்ட போங்க.

கொம்புதான் வேணும்னா எருமைக் கொம்பு இருக்கு, பாலிஷ் போட்டா கருகருன்னு ஜொலிக்கும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. அம்மாவோட கிழிஞ்ச சுங்குடிச் சேலை ஒண்ணு கேளுங்க, நம்ம மதுரைச் சுங்குடி, பருத்தி, புள்ளி புள்ளியா இருக்குமே அது. பிடி அளவைவிடக் கொஞ்சம் பெருசா இருபது இருபத்தஞ்சு துண்டு வெட்டிக்கிட்டு, ஃபைபர் வேலை செய்யுறவங்க வாங்குற தண்ணி மாதிரி எபாக்சி ரெசின்ல ஒவ்வொண்ணா நனைச்சு அடுக்கி, ரெண்டு பலகைக்கு நடுவுல பாலித்தீன் போட்டு இறுக்கி ஒரு நாள் விடுங்க. வெயில் ஏறுனா ரெசின் கப்புலயே இறுகிரும், அதனால காலையில ஆறு மணிக்கே கலக்கிருங்க, கிளவுஸ் கட்டாயம். காஞ்சதும் கல்லு மாதிரி ஒரு பலகை வரும், அதை வளைவா தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு அடுக்கா வெளிய வந்து, சேலையோட செவப்பும் மஞ்சளும் தண்ணியில கல்லு போட்ட மாதிரி வளையம் வளையமா விரியும். ஐப்பசிக்கும் ஊதாது பங்குனிக்கும் வத்தாது. தூசி மட்டும் நெஞ்சுக்கு ஆகாது, என்95 மாஸ்க் போட்டுத் தேயுங்க. முதல் கத்தியை அம்மாவுக்கே காய்கறி வெட்டக் கொடுங்க, தன்னோட சேலை கையில இருக்கிறப்ப சண்டை எவ்வளவு நாள் நீடிக்கும்னு நெனைக்கிறீங்க?

அவங்க பயத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. திருப்புவனம் தாண்டி திருப்பாச்சேத்தி, அங்க அருவா அடிக்கிறவங்களே யாருக்குச் செய்யுறோம்னு பாத்துச் செய்யுற காலம் இது. 9 இஞ்ச் நீளமோ 2 இஞ்ச் அகலமோ தாண்டி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாத கத்தி செஞ்சா 2016 ஆயுத விதிகள் பட்டியல்ல வந்துரும். அடுப்படிக் கத்தி, தோட்டத்துக் கத்தியோட நிறுத்திக்கங்க, யாருக்குக் கொடுத்தோம்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இருக்கிற அஞ்சையும் இந்த வாரமே திருப்பி வாங்கிருங்க, துருத்துன ஆணி உள்ளங்கையைக் கிழிக்கும், இடுக்குல தண்ணி எறங்கி உள்ளுக்குள்ள துருப்பிடிக்கும். வெட்டுற பக்கத்துல அட்டை வெச்சு டேப் சுத்திட்டு, ஆணியை டிரில் போட்டு எடுத்து, அயர்ன் பாக்ஸ் சூட்டுல பசையை இளக்கி உளியால நெம்புனா பழைய பிடி வந்துரும். அந்தச் சூட்டுக்கு இரும்போட பதம் கெடாது, பயப்படாமச் செய்யுங்க.