ஃபைல் சிஸ்டத்தில் ரெஃபரன்ஸ் கணக்கு எப்போதாவது தப்புகிறது. ஒரு பெரிய லாக் போட்டால் போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஃபியூஸில் (கெர்னலுக்கு வெளியே, சாதாரண புரோகிராமாக ஃபைல் சிஸ்டம் எழுத உதவும் லினக்ஸ் வசதி) சின்னதாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதுகிறீர்கள். ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) வசதி இருப்பதால் ஒரே பிளாக்கை, அதாவது டிஸ்க்கின் ஒரு துண்டை, பல பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை; 0 ஆனால் பிளாக் செத்தது) வைத்திருக்கிறீர்கள். கணக்கைச் சரிபார்க்க நீங்களே எழுதிய டிராக்கர், ‘செத்த பிளாக்கின் மேல் ரெஃபரன்ஸ் சேர்க்கப்படுகிறது’ என்று எப்போதாவது கத்துகிறது. பிரிண்ட் வரி சேர்த்தால் பிழை காணாமல் போகிறது. எல்லாவற்றையும் ஒரே லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரு வேலை ஓட்டத்தை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டால் தீருமா என்பது கேள்வி.

தீராது. பிழை கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இதே பிழைச் செய்தி எங்கள் ஆபீஸிலும் ஒரு காலத்தில் உயிரை வாங்கியது. நான் ஒன்-நார்த் பக்கம் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். அந்தச் செய்தியைத் துரத்தியபோது இரண்டு வேறு வேறு பிழைகள் கிடைத்தன. ஒன்று டிராக்கரில், மற்றது ஃபைல் சிஸ்டத்தில். இரண்டுமே செயல்களின் வரிசை சம்பந்தப்பட்டவை. ஆனால் ஒன்றைச் சரிசெய்த விதம் மற்றதற்கு உதவவில்லை. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டிராக்கர். எங்கள் மென்பொருளில் ரெஃபரன்ஸைக் கூட்டுவதும் கழிப்பதும் உடனே டிஸ்க்குக்குப் போகாது. ஒரு கியூவில் (காத்திருப்பு வரிசையில்) சேரும். பின்னணியில் ஓடும் த்ரெட் அவ்வப்போது ஒரு தொகுப்பாக எடுத்து எழுதும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஃபைல் சிஸ்டமும் இப்படித்தான் செய்கிறது. ஒரு ஃபைலைத் தொட்டால் பத்து பிளாக்கின் கணக்கு மாறும், அதில் பாதி அடுத்த நொடியே ரத்தாகும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. டிராக்கர் இதற்கு வெளியே நின்று, யார் எந்த பிளாக்கைக் கூட்டினார், கழித்தார் என்று நினைவகத்தில் தனிக் கணக்கு வைத்திருக்கும்.

பிழை வந்தபோது எல்லோரும் ஃபைல் சிஸ்டத்தையே குடைந்துகொண்டிருந்தோம். டீமில் தஞ்சாவூர்க்கார அக்கா ஒருவர் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். அவர்தான் கேட்டார்: “ஏன் தம்பி, எண்ணிப் பார்க்கிறவன் சரியா எண்ணுறான்னு யார் சொன்னது?”

அப்புறம்தான் நிகழ்வுப் பதிவேட்டில் நேரத்துக்குப் பதிலாக ஒரு சீக்வன்ஸ் எண் (வரிசை எண்) சேர்த்தோம். மில்லிசெகண்ட் நேரம் இந்த வேலைக்கு உதவாது. இரண்டு த்ரெட்டுக்கும் ஒரே நேரம் விழும். ஒரே கவுண்டரை அட்டாமிக்காக (நடுவில் வேறு த்ரெட் புக முடியாதபடி) கூட்டி, அந்த எண்ணை ஒவ்வொரு நிகழ்வோடும் நினைவகத்தில் ஒரு வட்ட பஃபரில் (நிரம்பியதும் பழையதன் மேல் எழுதும் இடம்) போட்டுவையுங்கள். பிழை வந்த பிறகு மட்டும் அதை வெளியே கொட்டுங்கள். பிரிண்ட் செய்தால் த்ரெட்டுகளின் வேகம் மாறிப் பிழை ஓடி ஒளிகிறது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இது (எண்கள் நான் போட்டவை):

41107: த்ரெட் 3, பிளாக் 8842, ஸ்னாப்ஷாட்டுக்காகக் கூட்டல், கியூவில் சேர்ந்தது
41108: த்ரெட் 7, பிளாக் 8842, பழைய ஃபைலுக்காகக் கழித்தல், டிராக்கரில் பதிவு, மீதி 0
41109: த்ரெட் 7, பிளாக் 8842, அதே கழித்தல், கியூவில் சேர்ந்தது
41110: த்ரெட் 3, பிளாக் 8842, அதே கூட்டல், டிராக்கரில் பதிவு, பிழை

கியூவை மட்டும் பாருங்கள். 1 இருந்தது, கூட்டி 2, கழித்து மறுபடி 1. ஒரு குறையும் இல்லை. டிராக்கரை மட்டும் பாருங்கள். 1 இருந்தது, கழித்து 0, செத்துப்போன பிளாக்கின் மேல் கூட்டல். கழிக்கும் ஃபங்ஷன் டிராக்கரிடம் சொல்லிவிட்டுக் கியூவில் போட்டது. கூட்டும் ஃபங்ஷன் கியூவில் போட்டு, அந்த மர நோடின் (ஃபைல் சிஸ்டம் தன் தகவலை அடுக்கி வைக்கும் மரத்தில் ஒரு கணு) லாக்கை விட்டுவிட்டு, அதன் பிறகு டிராக்கரிடம் சொன்னது. லாக்கை விட்டதற்கும் டிராக்கரிடம் சொன்னதற்கும் நடுவில் உள்ள சந்தில் த்ரெட் 7 புகுந்துவிட்டது. டிஸ்க்கில் டேட்டா பத்திரமாக இருக்க, டிராக்கர்தான் வீணாகக் கத்தியிருக்கிறது.

திருத்தம் என்னவோ ஓரிரு வரிதான். கூட்டும்போதும் டிராக்கர் பதிவை முன்னால் கொண்டுவந்து, நோடின் லாக் கையில் இருக்கும்போதே செய்தோம். ஒரு பிளாக்கின் கணக்கு எந்த வரிசையில் மாறுகிறதோ அதே வரிசையில் டிராக்கருக்கும் தெரிய வேண்டும். அந்த வரிசையை எந்த லாக் தீர்மானிக்கிறதோ அதற்குள்ளேயே பதிவு நடக்க வேண்டும். டிராக்கருக்கென்று தனி லாக் இருந்தது. அது டிராக்கர் தன் கணக்கை வைத்திருந்த மரம் உடையாமல் காத்ததே தவிர, வரிசையைக் காக்கவில்லை.

இதில் ஒரு கிளைப் பிரச்சினை உண்டு. பதிவை முன்னால் கொண்டுவந்தால், அதற்குப் பிறகு கியூவில் சேர்ப்பது நினைவகம் போதாமல் தோற்றால் டிராக்கரில் ஒரு பொய்க் கூட்டல் நின்றுவிடும். பதிவைத் திரும்ப எடுக்கலாம்தான். ஆனால் தேவையான நினைவகத்தை லாக் எடுக்கும் முன்பே வாங்கி வைத்துவிட்டால் தோற்பதற்கு இடமே இராது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். பிழை வந்தால் மட்டும் ஓடும் நிரல் வரிகளை யாரும் சோதிப்பதில்லை.

பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இப்படி ஒரு டிராக்கர் இருக்கிறது. ரெஃப் வெரிஃபை என்று பெயர். ஜோசஃப் பேசிக் எழுதியது. 2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15இல் சேர்ந்தது. கெர்னலைக் கம்பைல் செய்யும்போது அதை இயக்கி, மவுண்ட் செய்யும்போதும் கேட்டால்தான் ஓடும். நினைவகத்தைத் தின்னும் என்பதால் டெவலப்பர்களுக்கு மட்டும். ஒவ்வொரு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அந்த நேரத்து ஸ்டாக் டிரேஸையும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற தடம்) அது சேர்த்து வைக்கிறது. இதை அப்படியே காப்பியடியுங்கள். தப்பு வெடிக்கும் இடமும் தப்பு நடந்த இடமும் வேறு வேறாக இருப்பதுதான் ரெஃபரன்ஸ் பிழைகளின் தலைவலி. அந்த பிளாக்கின் பழைய டிரேஸ்கள் கையில் இல்லாவிட்டால் வெடித்த இடத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, டிராக்கரைத் திருத்தினோம். பொய்க் கூச்சல் அடங்கியது. ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த கையோடு மூல ஃபைலை அழித்தால், இப்போது ஃபைல் சிஸ்டமே ‘பிளாக்கின் பதிவு கிடைக்கவில்லை’ என்று நின்றது, டிராக்கர் ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் நிஜப் பிழை.

பின்னணி த்ரெட் கியூவை எழுதும் முன், டிஸ்க்கில் அங்கும் இங்கும் தாவாமல் இருக்க பிளாக் எண்படி அடுக்கும். ஒரே பிளாக்குக்கு இரண்டு மாற்றங்கள் இருந்தால் யாருக்காக என்ற எண்படி அடுக்கும். பழைய ஃபைலின் எண் சிறியது, ஸ்னாப்ஷாட்டின் எண் பெரியது. ஆகவே கழித்தல் முன்னால் வந்துவிட்டது. 1 என்பது 0 ஆனது; 0 ஆனதும் பிளாக்கின் பதிவையே அழித்துவிடும்; அடுத்து வந்த கூட்டலுக்குக் கூட்ட இடம் இல்லை. கியூவில் சேர்ந்த வரிசை சரி, எழுதிய வரிசைதான் தப்பு. இதில் ஒரே ஒரு த்ரெட்தான் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு பெரிய லாக் போட்டாலும் இது அப்படியே நடக்கும்.

தேக்கா ஹாக்கர் சென்டரில் மதிய நேரத்தில் மேசை பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும் நண்பர் எழுந்து போவதற்கு முன்பே டிஷ்யூ பாக்கெட் மேசைக்கு வந்துவிடும். அவர் எழுந்த பிறகு வைக்கலாம் என்றிருந்தால் மேசை போயிருக்கும். பிடிஆர்எஃப்எஸ் செய்வதும் இதுதான்: ஒரு எக்ஸ்டென்டுக்கு (அடுத்தடுத்த பிளாக்குகளின் தொகுதி) காத்திருக்கும் மாற்றங்களில் கூட்டல்களை முதலில் எடுக்கும். அதற்கென்றே கூட்டல்களைத் தனிப் பட்டியலாகவும் வைத்திருக்கிறது. அதன் நிரலில் உள்ள குறிப்பும் ஒளிவுமறைவில்லாமல் இதே காரணத்தைச் சொல்கிறது: சேர்க்க வேண்டிய ரெஃபரன்ஸ் பாக்கி இருக்கும்போது கணக்கு 0 ஆகிப் பதிவு அழிந்துவிடக் கூடாது.

நாங்களும் அப்படியே மாற்றினோம். ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். கூட்டலை முன்னால் எடுப்பது ஒரு நிபந்தனையில்தான் சரி: விடுவித்த பிளாக்கை அதே தொகுப்பு முடியும் முன் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பழைய பிளாக்கின் கழித்தலும் அதே எண்ணில் பிறந்த புதிய பிளாக்கின் கூட்டலும் ஒரே தொகுப்பில் சேர்ந்துவிடும். அங்கே வரிசையை மாற்றினால் வேறு விதமாக உடையும். பிடிஆர்எஃப்எஸ் பொதுவாக, விடுவித்த இடத்தை அந்த டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாது என்ற மாற்றங்களின் தொகுப்பு) டிஸ்க்கில் முடியும் வரை பிடித்து வைத்துக்கொள்கிறது, பாதியில் மின்சாரம் போனால் பழைய மரம் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் அலக்கேட்டர் (பிளாக்குகளை ஒதுக்கித் தரும் பகுதி) விடுவித்த பிளாக்கை உடனே திரும்பக் கொடுக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாணவர் ப்ராஜெக்டுகளில் பெரும்பாலும் கொடுக்கும்.

மின்சாரம் என்றதும் லாக்கின் இன்னொரு போதாமையும் நினைவுக்கு வருகிறது. லாக் என்பது நினைவகத்தில் இருக்கிறது. மெஷின் செத்தால் லாக்கும் செத்துவிடும், டிஸ்க்கில் எந்த எழுத்து முதலில் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே மிஞ்சும். கிரெகரி கேங்கர், யேல் பட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1994இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மெக்குசிக் என்ற டெவலப்பர் அதை பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் ஃபைல் சிஸ்டத்துக்குக் கொண்டுவந்தார், சாஃப்ட் அப்டேட்ஸ் என்ற பெயரில். அதன் விதிகள் மூன்றே. தயாராகாத ஒன்றைச் சுட்டாதே. பழைய சுட்டிகள் எல்லாம் அழியும் முன் இடத்தை மறுபடி பயன்படுத்தாதே. உயிரோடு இருக்கும் ஒன்றுக்குப் புதிய சுட்டி விழும் முன் பழைய கடைசிச் சுட்டியை எடுக்காதே. ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றும்போது மூன்றாவது விதி தெரியும்: புதிய பெயர் முதலில் டிஸ்க்குக்குப் போகும், பழையது பிறகு போகும். நடுவில் மின்சாரம் போனால் ஃபைலுக்கு இரண்டு பெயர் இருக்கும், பெயரே இல்லாமல் போகாது.

இதை ரெஃபரன்ஸ் கணக்குக்குத் திருப்பினால் ஒரு திசை கிடைக்கிறது. சேர்க்கும்போது கணக்கை முதலில் கூட்டு, சுட்டியைப் பிறகு எழுது. எடுக்கும்போது சுட்டியை முதலில் அழி, கணக்கைப் பிறகு கழி. எந்த இடத்தில் அறுந்தாலும் கணக்கு உண்மையைவிட அதிகமாகத்தான் நிற்கும். அதிகமாக நின்றால் கொஞ்சம் இடம் வீணாகும், எஃப்எஸ்செக் (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவி) ஓட்டி மீட்கலாம். குறைவாக நின்றால் இன்னொருவர் டேட்டாவின் மேல் எழுதிவிடுவீர்கள், அதை மீட்க ஆள் கிடையாது. ஜர்னலோ (மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேடு) டிரான்சாக்ஷனோ வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே டிஸ்க்குக்குப் போகும், இந்தக் கவலை குறையும். உங்கள் விவரிப்பில் அப்படி எதுவும் தெரியவில்லை.

உங்களுடையது எந்த வகை என்று பிரிக்க: முதலில் ஃபியூஸை மைனஸ் எஸ் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள், கோரிக்கைகள் ஒரே த்ரெட்டில் நடக்கும். பின்னணியில் நீங்களே கிளப்பும் த்ரெட் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, கியூவைக் கையால் எழுதச் சொல்லுங்கள். அப்போதும் பிழை வந்தால் அது த்ரெட் சமாச்சாரம் இல்லை. அடுக்கும் வரிசையைப் பாருங்கள். வராவிட்டால், சந்து என்று சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவில் வேண்டுமென்றே 100 மில்லிசெகண்ட் தூங்க வையுங்கள். சந்தேகம் சரி என்றால், எப்போதாவது வந்த பிழை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும். அதன் பிறகு திருத்தி, தூக்கத்தை எடுக்காமலே மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

சோதனைக்குப் பெரிய வொர்க்லோடு தேடி அலைய வேண்டாம். டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் கிராஷ்மங்கி என்ற சோதனைக் கருவியைச் செய்தவர்கள் 2018இல் சொன்னது: மின்சாரம் போனால் டேட்டா கெடும் வகையில் அதுவரை பதிவான பிழைகளில் பெரும்பாலானவற்றை, புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் மூன்றோ அதற்குக் குறைவோ செயல்களில் திரும்ப வரவழைக்க முடியும். எங்கள் நிஜப் பிழைக்கும் ஃபைல் எழுது, ஸ்னாப்ஷாட் எடு, ஃபைலை அழி என்ற மூன்றே போதுமாக இருந்தது. டிஸ்க் வரிசையைச் சோதிக்க லினக்ஸில் டிஎம் லாக் ரைட்ஸ் இருக்கிறது. எழுத்துகளை வரிசையாகப் பதிந்து, எந்தப் புள்ளி வரை வேண்டுமோ அதுவரை திரும்ப ஓட்டிக் காட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிழை வந்தால், முழுப் பதிவேட்டையும் கொட்டாமல், பிழை வந்த பிளாக்கின் கடைசி நாலைந்து வரிகளைச் சீக்வன்ஸ் எண்ணோடு கேள்வியில் சேர்த்துப் போடுங்கள். கூட்டும் ஃபங்ஷனையும் கழிக்கும் ஃபங்ஷனையும் அடுத்தடுத்து ஒட்டினால் இன்னும் நல்லது.